மூத்தோர் திரைப்பட விருது: கேட்டவையும் பதில்களும்

மலை ஊர்களில் இயங்கும் மூத்த குடிமக்கள் மன்றங்களிலிருந்து ஒரே விஷயம் குறித்துப் பல கடிதங்கள் வந்துள்ளன. மூத்தவர்கள் பார்க்கத்தக்க படங்களைத் தேர்ந்தெடுத்து, திரையிட்டு, தாங்களே விருது கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: வெளிநாட்டில் வயதானவர்களுக்கான படங்களுக்கென்றே விருது இருக்கிறதாமே? அதை யார் கொடுக்கிறார்கள்? நாங்களும் அதுபோல் செய்ய முடியுமா?
(கோத்தகிரி வாசகர்)

இருக்கிறது. அமெரிக்காவில் ஏ.ஏ.ஆர்.பி. என்ற அமைப்பு 'மூவீஸ் ஃபார் க்ரோன்அப்ஸ்' என்ற பெயரில் அதைக் கொடுத்து வருகிறது. எத்தல் பெர்சி ஆண்ட்ரஸ் என்ற ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியை 1958-இல் தொடங்கிய அமைப்பு அது. ஐம்பது வயதைக் கடந்தவர்களின் நலனுக்காக இயங்குகிறது. 2002-இல் ஆரம்பித்த இந்தத் திரைப்பட முயற்சிக்குப் பின்னால் ஒரு நியாயமான கோபம் உண்டு. ஐம்பதைத் தாண்டிய நடிகைக்கு அம்மா வேடமும் மருத்துவமனைக் கட்டிலும்தான் மிச்சம் என்றும், ஐம்பதைத் தாண்டிய ரசிகர் தியேட்டருக்கே வரமாட்டார் என்றும் ஹாலிவுட் முடிவு கட்டி வைத்திருந்தது. அதை எதிர்த்துத்தான் இந்த விருது வந்தது.

இதன் பிரிவுகளை நீங்கள் கவனிக்க வேண்டும். சிறந்த படம், நடிகர், நடிகை, இயக்குநர் என்ற வழக்கமான பிரிவுகளோடு மூத்தோர் காதல் கதைக்கு ஒன்று, தலைமுறைகளை இணைக்கும் படத்துக்கு ஒன்று, ஒரு காலகட்டத்தை உயிரோடு கொண்டுவரும் படத்துக்கு ஒன்று எனத் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். 2023-இல் 'டாப் கன்: மேவரிக்' சிறந்த படமானது. அடுத்த ஆண்டு 'கில்லர்ஸ் ஆஃப் தி ஃப்ளவர் மூன்' வென்றது. முதலாவது போர் விமானச் சாகசம். இரண்டாவது, எண்பது வயதில் மார்ட்டின் ஸ்கோர்செஸி வெளியிட்ட 206 நிமிடப் படம். இரண்டும் முதியோர் இல்லத்தைப் பற்றிய கதைகள் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மன்றம் தாராளமாகச் செய்யலாம். முதல் ஆண்டில் ஐந்து படம், மூன்று பிரிவு என்று நிறுத்திக்கொள்ளுங்கள். பன்னிரண்டு பிரிவு அறிவித்துவிட்டுப் பாதியைக் காலியாக விட்டால் அடுத்த ஆண்டு யாரும் மதிக்கமாட்டார்கள்.

கேள்வி: படத்தில் ஒரு தாத்தாவோ பாட்டியோ இருந்தால் போதுமா? தகுதி விதியை எப்படி எழுதுவது?
(குன்னூர் வாசகி)

போதாது. முதல் காட்சியில் இருமி, நடுவில் அறிவுரை சொல்லி, இடைவேளைக்கு முன் இறந்துபோகும் தாத்தாக்கள் தமிழில் ஏராளம். கதையைத் திருப்பும் முடிவுகளில் குறைந்தது ஒன்றையாவது மூத்த பாத்திரம் தானே எடுக்க வேண்டும் என்று விதியில் எழுதுங்கள். அந்த ஒரு வரி பாதிப் படங்களைக் கழித்துவிடும்.

எப்படிப்பட்ட படங்கள் தேறும் என்பதற்குச் சில உதாரணங்கள். பாலு மகேந்திராவின் 'சந்தியா ராகம்' (1989) படத்தில் சொக்கலிங்க பாகவதரின் முதியவர்தான் கதையின் அச்சு. எண்பது வயதுக்காரரும் எட்டு வயதுப் பையனும் சேர்ந்து ஊர் சுற்றும் 'கே.டி.' (2019) தலைமுறைகளை இணைக்கும் பிரிவுக்கு அப்படியே பொருந்தும். 'ப. பாண்டி' (2017) மூத்தோர் காதல் கதைக்கு. 'கடைசி விவசாயி' (2022) படத்தில் நடித்த நல்லாண்டி ஐயா தொழில்முறை நடிகரே இல்லை. அவர் மறைந்த பிறகு 69-ஆவது தேசிய விருதுகளில் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. உங்கள் மாவட்டத்திலேயே ஒன்று இருக்கிறது. முதுமலை தெப்பக்காட்டில் யானைக் குட்டிகளை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியைப் பற்றிய 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' 2023-இல் ஆஸ்கர் வாங்கிய குறும் ஆவணப்படம்.

வயது விதியையும் தெளிவாக வையுங்கள். 'சாரான்ஷ்' (1984) படத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியராக நடித்தபோது அனுபம் கெருக்கு வயது 28. அபாரமான நடிப்புதான். ஆனால் உங்கள் நடிகர் விருது மூத்த கலைஞர்களுக்கு என்றால், ஒப்பனையில் நரைத்த தலைக்கு அதில் இடமில்லை. 'படம் வெளியான தேதியில் 50 வயது நிறைந்திருக்க வேண்டும்' என்று எழுதுங்கள். எழுதவில்லையென்றால் தேர்வுக்குழுவின் முதல் கூட்டமே அந்தத் தகராறில் முடியும். குறும்படத்துக்கு ஆஸ்கரில் உள்ள 40 நிமிட வரம்பையே எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எங்களிடம் ஓடிடி சந்தா இருக்கிறது. மன்றக் கூடத்தில் டிக்கெட் இல்லாமல் போட்டுக் காட்டினால் தவறில்லைதானே?
(ஊட்டி வாசகர்)

தவறுதான். சந்தா உங்கள் வீட்டுக்கு மட்டும். இலவசம் என்பதால் அது மாறிவிடாது. பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52-இல் கட்டணமில்லாமல் நிகழ்த்தும் அமெச்சூர் மன்றங்களுக்கு ஒரு விலக்கு இருக்கிறது. அதைக் காட்டித்தான் பலரும் வாதாடுவார்கள். அந்த விலக்கு இலக்கியம், நாடகம், இசை ஆகியவற்றுக்கு மட்டுமே. சினிமா அதில் வராது.

ஆகவே எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். தயாரிப்பாளரிடம் கேளுங்கள். பழைய படமென்றால் உரிமை இரண்டு மூன்று கை மாறியிருக்கும். இப்போது யாரிடம் இருக்கிறது என்பதைச் சென்னையில் உள்ள தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபையில் விசாரிக்கத் தொடங்கலாம். டிவி உரிமை வைத்திருப்பவரின் கடிதம் செல்லாது. பொது இடத்தில் திரையிடும் உரிமை தனி. கடிதத்தில் படத்தின் பெயர், தேதி, கூடத்தின் பெயர், எத்தனை காட்சி, எத்தனை பேர், கட்டணம் உண்டா இல்லையா, படத்தை எந்த வடிவில் தருகிறார்கள், காட்சி முடிந்ததும் கோப்பை அழிப்பீர்களா என்பது எல்லாம் இருக்க வேண்டும். பல தயாரிப்பாளர்கள் மூத்தவர்களுக்கான இலவசக் காட்சி என்றால் சிறு தொகைக்கோ தொகையே இல்லாமலோ சம்மதிப்பார்கள். பதில் வரத்தான் நாளாகும். மூன்று மாதம் முன்பே எழுதுங்கள்.

நெட்ஃபிளிக்ஸ் தன் சொந்த ஆவணப்படங்கள் சிலவற்றைக் கல்வி நோக்கில் ஒருமுறை இலவசமாகத் திரையிட அனுமதிக்கிறது. அந்தப் படத்தின் பக்கத்திலேயே அனுமதி வாசகம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மிகப் பழைய படங்களுக்கு வேறு கணக்கு. வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு ஓடினால் படத்தின் பதிப்புரிமை முடியும். 1960-இல் வந்த படத்துக்கு 2020 டிசம்பரோடு முடிந்தது. பாடலுக்கும் இசைக்கும் தனி உரிமை உண்டு, அதைச் சேர்த்துப் பாருங்கள்.

இன்னொன்று: பொதுமக்களைக் கூப்பிட்டுத் திரையிடும் இடத்துக்கு, தமிழ்நாடு சினிமா (ஒழுங்குமுறை) சட்டம் 1955-இன்படி உரிமம் வேண்டும். அதனால் ஊரில் ஓடிக்கொண்டிருக்கும் தியேட்டரின் காலை நேரத்தை வாடகைக்கு எடுப்பதே சுலபம். மன்றக் கூடத்தில்தான் என்றால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் முன்னதாகக் கேட்டுவிடுங்கள். கொடைக்கானல்காரர்களுக்குத் திண்டுக்கல் ஆட்சியர்.

கேள்வி: போன முறை திரையிட்டபோது பாட்டு காதைப் பிளந்தது, வசனம் ஒன்றும் புரியவில்லை என்று பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். ஸ்பீக்கரை மாற்ற வேண்டுமா?
(ஊட்டி, ஃபெர்ன்ஹில் வாசகர்)

ஸ்பீக்கருக்கு முன் இணைப்பைப் பாருங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறி மிகப் பொதுவான ஒரு கோளாறுடையது. இன்றைய படங்களில் ஒலி ஆறு தடங்களாகப் பிரிந்து பதிவாகியிருக்கும். வசனம் பெரும்பாலும் நடுத் தடத்தில்தான் இருக்கும். லேப்டாப்பிலிருந்து இரண்டு ஸ்பீக்கருக்கு ஒயர் இழுத்து, பிளேயரை 5.1 என்ற ஆறு தட நிலையிலேயே விட்டால், இடது வலது தடங்கள் மட்டும் வெளியே வரும். பாட்டும் இடியும் முழங்கும், வசனம் எங்கோ கிணற்றுக்குள் கேட்கும். பிளேயரிலும் லேப்டாப்பின் ஒலி அமைப்பிலும் 'ஸ்டீரியோ' என்று மாற்றுங்கள். ப்ளூரே பிளேயர் என்றால் 'பிசிஎம் ஸ்டீரியோ'. நடுத் தடம் இரண்டு பக்கமும் பிரிந்து சேர்ந்துவிடும்.

அதற்குப் பிறகும் புரியவில்லை என்றால் காரணம் காது. வயதாகும்போது முதலில் மங்குவது உச்ச ஒலிகள். உயிரெழுத்துகள் தாழ்ந்த ஒலியில் இருப்பதால் கேட்கும். ச, த, ப, க போன்றவற்றின் கூர்மை போய்விடும். அதனால்தான் 'சத்தம் கேட்கிறது, என்ன சொல்கிறார்கள் என்று தெரியவில்லை' என்கிறார்கள். ஒலியைக் கூட்டினால் எதிரொலி கூடும், மங்கிய காதுக்குப் பெரிய சத்தம் வலியாகவும் இருக்கும். மிக்ஸரில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறையுங்கள். 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியை 3 அல்லது 4 டெசிபல் ஏற்றுங்கள். நடு வரிசையில் வசனம் சராசரியாக 70 டெசிபல் இருந்தால் போதும். செல்போன் செயலியில் தோராயமாக அளக்கலாம்.

கூடத்தின் சுவர்களும் கெடுக்கும். ஊட்டியின் பழைய கூடங்கள் உயரமான கூரையும் வெற்றுச் சுவருமாக இருப்பவை. பின் சுவரில் கனத்த கம்பளிகளைத் தொங்கவிட்டாலே எதிரொலி கணிசமாகக் குறையும். கூடம் 30 அடிக்கு மேல் நீளம் என்றால் நடுவில் இரண்டு சிறிய ஸ்பீக்கர் வைத்து மெதுவாக ஒலிக்க விடுங்கள். ஆனால் அவற்றுக்குத் தாமதம் கொடுக்க வேண்டும். ஒலி ஓர் அடி நகர ஏறக்குறைய ஒரு மில்லி செகண்ட் ஆகும். திரையிலிருந்து 30 அடியில் உள்ள ஸ்பீக்கருக்குச் சுமார் 27 மில்லி செகண்ட். இதை விட்டுவிட்டால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும்.

காது மிஷின் போட்டவர்களுக்குக் கூடத்தைச் சுற்றி ஒயர் வளையம் அமைத்தால், மிஷினை 'டி' நிலையில் வைத்து வசனத்தை நேராகக் கேட்கலாம். எல்லா மிஷின்களிலும் அந்த வசதி இருக்காது. சுற்றுலா வழிகாட்டிகள் பயன்படுத்தும் ரேடியோ ரிசீவர், ஹெட்போன் செட்டை வாடகைக்கு எடுப்பது மலிவு. ப்ளூடூத் ஹெட்போன் வேண்டாம். பலவற்றில் ஒலி தாமதமாக வரும், உதடு ஒரு பக்கம் வசனம் ஒரு பக்கம் என்றாகிவிடும்.

காட்சிக்கு முந்தின நாள் ஒரு சோதனை செய்யுங்கள். இசை இல்லாமல் இருவர் பேசும் ஐந்து நிமிடக் காட்சியைப் போட்டு, எழுபது வயதுக்காரர் ஒருவரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்துப் பத்து வசனத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டுக்கு மேல் தவறினால் மறுபடி சரிசெய்யுங்கள். வாலிபர் ஒருவர் நின்று கேட்டு 'சூப்பரா இருக்கு' என்று சொல்வதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

கடைசியாகக் கூரை. தகரக் கூரைக் கூடத்தில் மழை பிடித்துக்கொண்டால் எந்த ஸ்பீக்கரும் உதவாது. கான்கிரீட் கூரையுள்ள கூடமாகப் பிடியுங்கள்.

கேள்வி: மதுரையில் நன்றாக ஓடிய வாடகை புரொஜக்டர் இங்கே அரை மணி நேரத்தில் சூடாகி நின்றுவிட்டது. குளிர் ஊரில் எப்படிச் சூடாகும்?
(கொடைக்கானல் வாசகி)

காற்று மெலிந்திருப்பதால். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கும் மேல். அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே வேகத்தில் சுற்றும் விசிறி குறைந்த காற்றைத்தான் தள்ளும், விளக்கின் சூடு வெளியேறாது. இதற்காகவே பல புரொஜக்டர்களின் மெனுவில் 'ஹை ஆல்டிட்யூட்' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. பெரும்பாலும் 1,500 மீட்டருக்கு மேல் அதை இயக்கச் சொல்லியிருப்பார்கள். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் நான்குக்கும் இது கட்டாயம். கூடலூருக்குத் தேவையில்லை. விசிறி கொஞ்சம் இரையும், அதனால் புரொஜக்டரைக் கூட்டத்தின் நடுவில் வைக்காதீர்கள்.

குளிரில் வண்டியில் வந்த புரொஜக்டரைக் கூடத்துக்குள் கொண்டுவந்த உடனே பையிலிருந்து எடுக்க வேண்டாம். லென்ஸில் நீர் பூத்துவிடும். ஒரு மணி நேரம் பையிலேயே இருக்கட்டும். 1,000 விஏ யூபிஎஸ் ஒன்றில் இணையுங்கள். மின்சாரம் போனால் படம் முழுக்க ஓட்ட அது போதாது. ஆனால் விளக்கு ஆறும்வரை விசிறி சுற்றும், ஜெனரேட்டருக்கு மாறவும் நேரம் கிடைக்கும். பத்தடி அகலத் திரைக்கு, நன்றாக இருட்டிய கூடத்தில் 3,000 லூமென்ஸ் வெளிச்சம் தரும் புரொஜக்டர் தாராளம்.

கேள்வி: எந்த மாதம், எந்த நேரம் நல்லது?
(கேத்தி வாசகர்)

பிப்ரவரி. தென்மேற்குப் பருவமழை ஊட்டி, கூடலூர் பக்கத்தையும், வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலையும் நனைக்கும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி. படகர் ஊர்களில் ஹெத்தை அம்மன் திருவிழாவும் அப்போதுதான். மார்ச்சில் பேரக்குழந்தைகளுக்குப் பரீட்சை, ஏப்ரல் வந்தால் சீசன் கூட்டத்தில் சாலை நகராது.

காலை 10.30-க்குத் தொடங்கி மதியம் முடியுங்கள். மாலைக் காட்சி வேண்டவே வேண்டாம். இருட்டியதும் காட்டெருமையும் கரடியும் நடமாடும் பாதைகளில் மூத்தவர்களை அனுப்பக் கூடாது. எந்தப் படமாக இருந்தாலும் 60 நிமிடத்துக்கு ஒருமுறை இருபது நிமிட இடைவேளை விடுங்கள். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதற்குமேல் உட்கார முடியாது, வெட்கப்பட்டுச் சொல்லவும் மாட்டார்கள். விளக்கைப் படக்கென்று போடாமல் படிப்படியாக ஏற்றுங்கள். படிக்கட்டு இருந்தால் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சரிவுப் பலகை வேண்டும். அதற்குமேல் செங்குத்தானால் சக்கர நாற்காலியைத் தள்ளுபவர் திணறுவார்.

குளிருக்குக் கரி அடுப்பை உள்ளே வைக்கும் வழக்கம் இங்கே உண்டு. திரையிடும் கூடத்தில் அதை ஒருக்காலும் செய்யாதீர்கள். வெளிச்சம் வராமலிருக்க ஜன்னலையெல்லாம் அடைத்திருப்பீர்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. இருட்டில் ஒருவர் மயங்கிச் சாய்ந்தால் தூங்குகிறார் என்றே பக்கத்திலிருப்பவர் நினைப்பார். மின் ஹீட்டர் வையுங்கள். 2,000 வாட் ஹீட்டர் ஒன்பது ஆம்பியர் இழுக்கும், அதனால் புரொஜக்டர் இருக்கும் லைனில் மாட்டாதீர்கள். படம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுக் கூடத்தைச் சூடாக்கிவிட்டால் பிறகு கம்பளியே போதும்.

கேள்வி: கைதூக்கி வாக்கெடுத்தோம். பிரபல நடிகரின் படமே ஜெயித்தது. சரியான முறை எது?
(கோத்தகிரி வாசகி)

கைதூக்கல் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ என்றுதான் பலர் கை தூக்குவார்கள். ரகசிய வாக்குச்சீட்டில் படங்களை 1, 2, 3, 4 என்று வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். ஆஸ்கரில் சிறந்த படத்துக்கு இந்த முறைதான். நாற்பது சீட்டு என்றால் 21 வாங்கும் படம் வெல்லும். முதல் எண்ணிக்கையில் அ-வுக்கு 15, ஆ-வுக்கு 13, இ-க்கு 8, ஈ-க்கு 4 என்று வைத்துக்கொள்வோம். யாருக்கும் 21 இல்லை. கடைசியில் உள்ள ஈ விலகும். அந்த நான்கு சீட்டின் இரண்டாம் விருப்பத்தில் மூன்று ஆ-வுக்கும் ஒன்று இ-க்கும் போகிறது. இப்போது 15, 16, 9. அடுத்து இ விலகும். அதன் ஒன்பது சீட்டில் நான்கு அ-வுக்கு, ஐந்து ஆ-வுக்கு. முடிவு 19, 21. முதலில் முந்தியது அ என்றாலும் வெற்றி ஆ-வுக்கு. பெரும்பாலானவர்கள் மனமொப்பி ஏற்கும் படம் அதுதான் என்பதால் இதை நாங்கள் உறுதியாகப் பரிந்துரைக்கிறோம்.

எல்லாப் படங்களையும் பார்த்தவருக்கு மட்டுமே வாக்கு. 98-ஆவது ஆஸ்கரிலிருந்து அவர்களும் இந்த விதியைக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒவ்வொரு காட்சியும் முடிந்து வெளியேறும்போது அட்டையில் முத்திரை குத்துங்கள். நுழையும்போது குத்தினால் பாதியில் போனவர் கணக்கில் வந்துவிடுவார். சீட்டில் எழுத்தின் அளவு 18 புள்ளிக்கு (பாயிண்ட்) குறையக் கூடாது. படிக்கத் தெரியாதவர்களுக்காகப் பெயருக்குப் பக்கத்தில் போஸ்டர் படமும் இருக்கட்டும்.

கேள்வி: வேற்றுமொழிப் படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் போட்டோம். திரையில் வெறும் கட்டங்களாக வந்தது.
(கூடலூர் வாசகர்)

கோப்பை 'யூடிஎஃப்-8' குறியேற்றத்தில் சேமித்து, பிளேயரில் தமிழ் எழுத்துரு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கட்டங்கள் மறைந்துவிடும். 40 அடி தூரத்தில் கடைசி வரிசை இருந்தால் எழுத்து மூன்று அங்குல உயரம் இருக்க வேண்டும். கறுப்புப் பட்டையின்மேல் மஞ்சள் எழுத்து நன்றாகத் தெரியும். வெள்ளை எழுத்து பனிமூட்டக் காட்சிகளில் காணாமல் போகும். இரண்டு வரி என்றால் ஐந்து, ஆறு விநாடியாவது நிற்கட்டும்.

கேள்வி: விருதாக என்ன கொடுக்கலாம்? விருந்தினரை அழைப்பதில் ஏதும் நடைமுறை உண்டா?
(குன்னூர் வாசகர்)

தோடர் பூத்தையல் சால்வை. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகத் தோடர் பெண்கள் கையால் இழைப்பது, 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. பித்தளைக் கோப்பையைவிட இந்த மலைக்கு அதுவே பொருத்தம். கைவேலை என்பதால் இரண்டு மாதம் முன்பே சொல்லிவிட்டு, அவர்கள் கேட்கும் விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

சமவெளியிலிருந்து வண்டியில் வருபவர்களுக்கு இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது நடைமுறைக்கு வந்தது. அழைப்பிதழோடு அந்தத் தகவலையும் அனுப்பிவிடுங்கள், வண்டி எண்ணை வாங்கி நீங்களே பதிவு செய்து கொடுத்தால் இன்னும் நல்லது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால் தண்ணீர் பாட்டில் பெட்டிகளோடு வர வேண்டாம் என்றும் சொல்லுங்கள். எவர்சில்வர் டிரம்மில் வெந்நீரும் டம்ளர்களும் வைத்தால் குளிருக்கும் இதமாக இருக்கும்.